66 மஸ்டாங்ல வி8 ஏத்துறதுக்கு முன்னாடி பாடியை எதை வச்சு இறுக்கறது?

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன மாசம் 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே (கூரை மூடின ரெண்டு கதவு வண்டி) ஒண்ணு வாங்கிட்டான், ஆறு சிலிண்டர் வண்டி. அதுல 1990 மாடல் மஸ்டாங்ல இருந்து கழட்டின 5.0 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினை ஏத்தணும்னு இப்பவே கராஜ் மூலையில இன்ஜினை ஸ்டாண்டுல மாட்டி வச்சிருக்கான். "அண்ணா, இன்ஜின் ரெடி, கியர்பாக்ஸ் ரெடி, சேசிஸுக்கு என்ன பண்றது? மேல போல்ட் போட்டு மாட்டுற கம்பி போதுமா, அடியில வெல்டிங் பண்ணியே ஆகணுமா, இல்ல பேசாம புது ஃப்ரேமே வாங்கிடலாமா?"ன்னு கேட்டான். போன்ல துண்டு துண்டா பதில் சொன்னேன். மிச்சிகன்ல நம்ம ஆளுங்க பல பேர் கார் கம்பெனியிலதான் இருக்கோம், பழைய வண்டி வாங்குற ஆசை ஒவ்வொருத்தரா தொத்திக்குது, இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேப்பாங்க, அதான் முழுசா எழுதிடறேன்.

முதல்ல கணக்கு. அவன் வண்டியில இருக்கிற 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டருக்கு ஃபோர்டு சொன்னது 120 ஹார்ஸ்பவர், 190 பவுண்டு-அடி டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை). 5.0 இன்ஜினுக்கு 225 ஹார்ஸ்பவர், 300 பவுண்டு-அடி. ரெண்டையும் நேரா பக்கத்துல வச்சுப் பாக்கக்கூடாது, ஏன்னா அந்தக் காலத்து நம்பர் எல்லாம் கிராஸ் கணக்கு, இன்ஜினை மட்டும் தனியா ஸ்டாண்டுல ஓட்டி எடுத்தது. 1972லதான் நெட் கணக்குக்கு மாறினாங்க, அது ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டின நிலையில எடுக்குறது. அதனால பேப்பர்ல தெரியுற வித்தியாசத்தை விட ரோட்டுல வித்தியாசம் ரொம்பவே ஜாஸ்தி.

உடனே ஒரு வாதம் வரும், "இதே பாடியில ஃபோர்டே 271 ஹார்ஸ்பவர் போட்டுக் குடுத்திருக்கான், கரோல் ஷெல்பி மாத்திக் குடுத்த மஸ்டாங் ஜிடி350ல 306 இருந்துச்சு, அப்புறம் என்ன பயம்?"னு. நியாயமான கேள்விதான், ஆனா அந்த வண்டிங்க அன்னைக்குப் புத்தம் புதுசு, போட்டிருந்த டயர் ஒல்லியான பழைய பயாஸ் பிளை டயர், பவர் கூடினா முதல்ல டயர் வழுக்கிடும், பாடிக்குப் போற முறுக்கு அங்கயே அளவாயிடும். இன்னைக்கு நாம போடுற ரேடியல் ரோட்டைக் கவ்விப் பிடிக்குது, அந்தப் பிடிப்பு முழுக்க பாடிக்குதான் போகுது, அதுவும் அறுபது வருஷம் துருவையும் உப்பையும் பாத்த பாடிக்கு. ஷெல்பியும் சும்மா இன்ஜினை மட்டும் மாத்தலை, முன்னாடி எக்ஸ்போர்ட் பிரேஸும் மான்டே கார்லோ பாரும் (ரெண்டும் பாடியை இறுக்குற கம்பி, கீழ விவரமா வரும்) போட்டுத்தான் குடுத்தார்.

இந்த வண்டிக்கு தனி சேசிஸ்னு ஒண்ணு கிடையாது, பாடியேதான் சேசிஸ். 1960 மாடலா வந்த ஃபோர்டு ஃபால்கன் காரோட அடித்தளத்தை எடுத்துதான் 64ல மஸ்டாங் பண்ணாங்க. ரேடியேட்டர்ல இருந்து கிளம்புற ரெண்டு முன் ரெயில் (நீளமான பெட்டி மாதிரி இரும்புச் சட்டம்) ஃபயர்வாலுக்கு, அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுச் சுவருக்கு அடியில நுழைஞ்சு முன்சீட்டு பக்கத்துலயே முடிஞ்சுடும். பின் ரெயில் ரெண்டும் பின்னாடி லீஃப் ஸ்பிரிங்கோட முன் கண்ணு இருக்கிற இடத்துலதான் ஆரம்பிக்கும். நடுவுல? ஒண்ணும் இல்ல. மெல்லிசான ஃப்ளோர் தகடு, நடு டனல், ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ ஓடுற ராக்கர், அவ்வளவுதான், முன்பாதி வண்டியையும் பின்பாதி வண்டியையும் சேர்த்துப் பிடிக்கிறது இந்த மூணும் தலைக்கு மேல இருக்கிற கூரையும்தான். அட்டை ஸ்வீட் பாக்ஸ் ஒண்ணை மூடி போட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, நல்லாத் தாங்கும், மூடியை எடுத்துட்டு முறுக்குங்க, துணி பிழியற மாதிரி சுத்தும். கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்குற வண்டி, அந்த மூடி இல்லாத டப்பா. அதனாலதான் ஃபோர்டு கன்வெர்டிபிளுக்கு மட்டும் ராக்கருக்குள்ள கனமான தகடு, சீட்டுக்கு அடியில கூடுதல் தகடு, முன்னாடி ரெண்டு பக்கமும் டார்க் பாக்ஸ்னு எக்ஸ்ட்ராவா வச்சு அனுப்பினான். கூபேக்கு 65, 66ல முன் டார்க் பாக்ஸே கிடையாது. இது ஞாபகத்துல இருக்கட்டும், கீழ திரும்ப வரும்.

என்னோட வண்டியும் 66 கூபேதான். ஒரு ஞாயித்துக்கிழமை டிரைவர் கதவைச் சாத்திட்டு, இடது முன் ரெயிலுக்கு அடியில மட்டும் ஃப்ளோர் ஜாக்கி குடுத்து மெதுவா ஏத்தினேன். கண்ணு முழுக்க கதவோட பின் விளிம்பும் குவார்ட்டர் பேனலும் சேர்ற அந்தக் கோடு மேலதான். ஜாக்கி ஏற ஏற மேல் முனையில இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, 5 மில்லிமீட்டர் இருந்தது முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்புறப்ப 3க்கு வந்துடுச்சு, கதவைத் திறந்தா லாக் டக்குன்னு தூக்கிக்கிட்டு வந்துச்சு, திரும்பச் சாத்த தோளைக் குடுத்துத் தள்ள வேண்டியதாப் போச்சு. இன்ஜின் ஆஃப், வண்டி நிக்குது, சும்மா ஒரு மூலையைத் தூக்கினதுக்கே இவ்வளவு. 300 பவுண்டு-அடி டார்க் வச்சுக்கிட்டு ரெண்டாவது கியர்ல அழுத்தினா என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் மனசுல உறைச்சுது. செலவே இல்லாத டெஸ்ட் இது, யாரா இருந்தாலும் முதல்ல இதைப் பண்ணி நம்பரை எழுதி வச்சுக்கோங்க, வேலை முடிஞ்சப்புறம் ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

சரி, இப்ப ஒவ்வொண்ணா பாக்கலாம்.

மலிவானது, சுலபமானது, மேல மாட்டுற பிரேஸ். இந்த வண்டியில முன் காயில் ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு மேல உக்காந்திருக்கு, குழியில விழுந்தா அந்த அடி முழுக்க ஷாக் டவரோட (இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கைத் தாங்கி நிக்கிற தகட்டுக் கூடு) உச்சிக்குப் போகுது, வருஷக்கணக்கா அடி வாங்கி வாங்கி ரெண்டு டவரும் உள்பக்கமா சாஞ்சுடும். ஃபேக்டரியில டவருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு மெல்லிசான தகட்டுப் பட்டை இருக்கும், அதை எடுத்துட்டு ஒரே துண்டா இருக்கிற எக்ஸ்போர்ட் பிரேஸ் போட்டா ரெண்டு டவரும் கவுலும் (விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி குறுக்க ஓடுற தகட்டுப் பெட்டி) முக்கோணமா கட்டிக்கும். மோசமான ரோடு இருக்கிற நாடுகளுக்கு அனுப்பின வண்டிக்கு ஃபோர்டு போட்டது இது, பேரே அதான். முன்னாடி டவருக்கு டவர் குறுக்க போடுறது மான்டே கார்லோ பார். மான்டே கார்லோ ராலி பந்தயத்துல ஃபால்கன் ஓட்டின காலத்துல வந்த பேரு, 1964ல ஒரு ஃபால்கன் அங்க ஓவரால் ரெண்டாவது இடமே பிடிச்சுது. ரெண்டும் சேர்த்து அரை நாள் வேலை, வெல்டிங் வேண்டாம், பிடிக்கலைன்னா கழட்டிடலாம். பார் மாட்டும்போது ஓட்டை சேரலைன்னா பாரைத் திட்டாதீங்க, உங்க டவர் சாஞ்சிருக்குன்னு அர்த்தம், கட்டாயப்படுத்தி இழுத்து போல்ட் போடாம டவரை முதல்ல அளந்து நிமித்தணும்.

ஸ்டீயரிங்ல இதோட பலன் அன்னைக்கே தெரியும், வளைவுல முன்பக்கம் யோசிச்சு யோசிச்சுத் திரும்புற மாதிரி ஒரு தயக்கம் இருக்கும் பாருங்க, அது குறையும். ஆனா ஒண்ணு, இது ஃபயர்வாலுக்கு முன்னாடி இருக்கிறதை மட்டும்தான் இறுக்குது. என் வண்டியில ரெண்டையும் மாட்டிட்டு திரும்ப ஜாக்கி டெஸ்ட் பண்ணேன், கதவு இடைவெளியில பெருசா ஒரு மாத்தமும் இல்ல. வி8 போட்டதும் வர்ற பிரச்சனை நடுவுல, முன் ரெயிலும் பின் ரெயிலும் கைகோக்காத அந்த இடத்துல. அதனால இது வேணும், ஆனா இது மட்டும் போதாது. பல பேர் இங்கதான் ஏமாறுறாங்க, பானெட்டைத் திறந்தா பளபளன்னு தெரியுறதால வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடறாங்க.

அடுத்தது முன் டார்க் பாக்ஸ். என் அபிப்பிராயத்துல காசுக்கு ஏத்த பலன் இதுலதான் அதிகம், ஆனா யாரும் இதைப் பத்திப் பேசறதே இல்ல, ஏன்னா போட்டா வெளிய தெரியாது. முன் ரெயிலோட பின்பகுதிக்கும் ராக்கரோட முன் முனைக்கும் நடுவுல, கால் வைக்கிற இடத்துக்குக் கீழ, ஒரு மூடின தகட்டுப் பெட்டி, அவ்வளவுதான். அது இல்லாதப்ப முன் ரெயில்ல வர்ற முறுக்கு மெல்லிசான ஃப்ளோர் தகடு வழியாத்தான் ராக்கருக்குப் போகணும், அந்தத் தகடு வளைஞ்சு குடுத்துடும். பெட்டி வந்ததும் நேரா ராக்கருக்குப் போகுது. கன்வெர்டிபிளுக்குன்னு ஃபோர்டு டிசைன் பண்ண அதே வடிவத்துலதான் இன்னைக்கும் தகடு கிடைக்குது, ஒரிஜினலா வந்த வண்டி மாதிரியே இருக்கும், அடுத்தடுத்த மாடல்ல ஃபோர்டே கூபேக்கும் சேர்த்துட்டான். கஷ்டம் என்னன்னா வெல்டிங், அதுவும் பெயின்ட், சீலர், அண்டர்கோட்டிங் எல்லாத்தையும் வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி எடுத்துட்டு, ஃபென்டரைக் கழட்டிட்டு, கார்பெட்டை எடுத்துட்டுப் பண்ணணும். சுரண்டுறதுதான் வேலை, வெல்டிங் கடைசி ரெண்டு மணி நேரம்.

மூணாவது சப்ஃப்ரேம் கனெக்டர். பேரே சொல்லுது, முன் ரெயில் முடியுற இடத்துல இருந்து பின் ரெயில் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் பக்கத்துக்கு ஒரு சதுரக் குழாய். இதுல மூணு விதம் இருக்கு. போல்ட் போடுறது, ஃப்ளோருக்கு அடியில வச்சு வெல்ட் பண்றது, ஃப்ளோரை வெட்டி குழாயைப் பாதி உள்ள ஏத்தி ரெண்டு பக்கமும் நீளத்துக்கு வெல்ட் பண்றது. போல்ட் போடுறது வேண்டாம். ரெயில் தகடு மெல்லிசு, முறுக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்னு வந்துக்கிட்டே இருக்கும், கொஞ்ச நாள்ல ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடும், அப்புறம் அது சும்மா தொங்குற பாரம்தான். ஃப்ளோர்ல ஏத்துற விதம்தான் ரொம்ப விறைப்பு குடுக்கும், அடியில இடிக்காது, ஏன்னா ஃப்ளோர் தகடும் குழாயும் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யுது. ஆனா நல்ல ஃப்ளோரை வெட்டணும், சீட், கார்பெட் எல்லாம் திரும்ப சரி பண்ணணும், எப்படியும் துருப்பிடிச்ச ஃப்ளோரை மாத்தப் போறீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு இதைப் பண்ணுங்க. ஃப்ளோர் நல்லா இருந்தா அடியில வெல்ட் பண்றதே தாராளம், சைலன்சர் பைப் போற வழியை மட்டும் முன்னாடியே பாத்துக்கணும், டூயல் எக்ஸாஸ்ட் போடுற இடத்துலதான் குழாயும் வந்து நிக்கும்.

இதுல ஒரு விஷயத்தை நான் வலிச்சுத்தான் கத்துக்கிட்டேன், என் வண்டியில இல்ல, நண்பனோட ஃபாஸ்ட்பேக்ல. ஒரு கடையில குடுத்தோம், பேர் வேண்டாம், வெல்டிங் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அவங்க வண்டியை ரெண்டு தூண் லிஃப்ட்ல தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்துல தொங்கும்போதே வெல்ட் பண்ணிட்டாங்க. லிஃப்ட் கை நடுவுல தாங்கிட்டிருக்கு, இன்ஜின் பாரத்துல மூக்கு கீழ, பின்னாடி ஆக்சில் பாரத்துல வால் கீழ, வண்டி லேசா வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது, அந்த வளைவை அப்படியே வெல்ட் போட்டுப் பூட்டியாச்சு. இறக்கினப்புறம் பாசஞ்சர் கதவு சாத்தலை. ஹிஞ்சை எவ்வளவு சரி பண்ணாலும் கீழ் முனை உரசுது. கடைசியில ஒரு பக்க வெல்டை அறுத்துட்டு, நாலு சக்கரத்துலயும் வண்டி தன் பாரத்தோட உக்காந்த நிலையில திரும்ப வெல்ட் பண்ணோம். அதனால யார்கிட்ட குடுத்தாலும் கேளுங்க, வண்டியை எப்படி நிக்க வச்சு வெல்ட் பண்ணுவீங்கன்னு. சக்கரத்துக்கு அடியில ரேம்ப் வச்சோ நாலு தூண் லிஃப்ட்லயோன்னு பதில் வரணும், இன்ஜின், கியர்பாக்ஸ் பாரம் உள்ள இருக்கணும், கதவு இடைவெளி சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் முதல் டேக் (சின்ன புள்ளி வெல்ட்) வைக்கணும், ஒரே இடத்துல நீளமா இழுக்காம விட்டு விட்டு பக்கம் மாத்தி மாத்தி வெல்ட் பண்ணணும், இல்லைன்னா சூட்டுலயே இழுத்துக்கும்.

கன்வெர்டிபிளோட உள் ராக்கர் தகட்டை எடுத்து கூபேல போடலாமான்னு சிலர் கேக்கறாங்க. போடலாம், நல்லாவும் இருக்கும், ஆனா ராக்கரைத் திறக்கிற வேலை அது. ராக்கர் துருப்பிடிச்சு எப்படியும் மாத்தணும்னா யோசிங்க, இல்லைன்னா விடுங்க.

ரோல் கேஜ். விறைப்புன்னு மட்டும் பாத்தா இதை அடிச்சுக்க ஆளில்ல, ஏன்னா மெல்லிசான தகட்டு டப்பாவுக்குள்ள இரும்புக் குழாய்ல இன்னொரு டப்பாவே கட்டறோம். டிராக் ஸ்ட்ரிப்ல கால் மைலை 11.49 செகண்டுலயோ அதுக்குக் கம்மியாவோ ஓடினா என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) ரூல்படி ரோல் பாராவது இருந்தே ஆகணும், அந்த மாதிரி வண்டிக்கு இதுல பேச்சே இல்ல. ஆனா ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு நான் வேண்டாம்னு திட்டமா சொல்லுவேன். ஹெல்மெட் இல்லாம, பழைய லேப் பெல்ட்டோட, தலைக்குப் பக்கத்துல ஒரு இரும்புக் குழாய், சின்ன ஆக்ஸிடென்ட்ல கூட தலை அதுல போய் இடிக்கும், பேடிங் சுத்தினாலும் ஹெல்மெட்டுக்கு ஈடாகாது. பின்சீட்ல குழந்தைங்களை ஏத்திக்கிட்டு ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் நடக்கிற பழைய கார் ஊர்வலம் உட்வர்ட் டிரீம் குரூஸுக்குப் போகணும்னுதான் தம்பி வண்டியே வாங்கினான், அவனுக்கு கேஜ் எதுக்கு?

கடைசியா, பாடியை மட்டும் வச்சுக்கிட்டு அடியில முழுசா புது ஃப்ரேம், இல்லைன்னா ஷாக் டவரை வெட்டி எடுத்துட்டு டவர் தேவைப்படாத, 70கள்ல வந்த மஸ்டாங் டூ வண்டி டைப் முன் சஸ்பென்ஷன். இதுக்கு உண்மையான காரணம் ஒண்ணே ஒண்ணுதான், உங்க இன்ஜின் டவருக்கு நடுவுல நுழையலைன்னா. 2011ல 412 ஹார்ஸ்பவரோட வந்த 5.0 கொயோட்டி இன்ஜினுக்கு சிலிண்டர் ஹெட்ல பக்கத்துக்கு ரெண்டு கேம்ஷாஃப்ட், அகலம் ஜாஸ்தி, டவரை வெட்டாம இறங்காது. ஆனா டவரை வெட்டினா என்ன ஆகுதுன்னு யோசிங்க. இத்தனை வருஷமா ஸ்பிரிங் பாரம் டவர் வழியா மேல போய் ஏப்ரன் (இன்ஜின் பக்கவாட்டுத் தகடு), கவுல்னு பிரிஞ்சுது, இப்ப மொத்தமும் கீழ ரெயிலுக்கு வருது, அந்த ரெயில் அதுக்காக செஞ்சது கிடையாது. டவரை வெட்டிட்டு ரெயிலுக்கு பலம் குடுக்காம விட்ட வண்டியை நான் பாத்திருக்கேன், முன்பக்கம் முன்ன விட லூஸ். முழு ஃப்ரேம் போட்டா அந்தக் கவலை இல்ல, ஆனா ஐந்து இலக்க டாலர், வண்டி வாங்கின விலையைத் தாண்டிடும், அப்புறம் அது 66 மஸ்டாங் தோல் போர்த்தின புது வண்டி. அதுல தப்பில்ல, 400க்கு மேல பவர் வேணும்னா அதான் சரியான வழி. தம்பியோட 5.0 இன்ஜின், அதாவது 302 கியூபிக் இன்ச், அறுபதுகள்ல இதே வண்டியில வந்த 289 வி8 குடும்பம்தான், டவருக்கு நடுவுல தாராளமா இறங்கும், அவன் ஏன் அந்தப் பக்கம் போகணும்?

இன்னொண்ணு, பாடியை இறுக்காம கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக்கும் போடறவங்க இருக்காங்க. பாடியும் ஒரு ஸ்பிரிங்தான். சக்கரத்துல இருக்கிற ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினா மிச்ச வளைவு எல்லாம் பாடிக்குப் போகும், விண்ட்ஷீல்டு மூலையில விரிசல், பின் பில்லர் ஜாயின்ட்ல பெயின்ட் கோடு விடறது எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதனால பாடி முதல்ல, ஸ்பிரிங் அப்புறம்.

பாடிக்கும் முன்னாடி துரு. இந்த வண்டியில விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி இருக்கிற கவுல்தான் எமன், அங்க தேங்குற தண்ணி உள்ளுக்குள்ளயே ஓட்டை போட்டு ஃப்ளோர்ல இறங்கி, சரியா நாம டார்க் பாக்ஸ் வைக்கப் போற மூலையை அரிச்சுடும். ஒரு பக்கெட் தண்ணியை கவுல் ஜாலியில ஊத்திட்டு, டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் படுத்துப் பாருங்க. சொட்டினா மத்த எல்லாம் அப்புறம். பேட்டரிக்கு அடியில இருக்கிற முன் ரெயிலையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாக்கணும், ஆசிட் ஒழுகி ஒழுகி அங்க பேப்பராயிருக்கும். பேப்பர் மேல எவ்வளவு கனமான குழாயை வெல்ட் பண்ணி என்ன பிரயோஜனம்.

என் வண்டியில கடைசியா இருக்கிறது டார்க் பாக்ஸ் ரெண்டு, அடியில வெல்ட் பண்ண கனெக்டர், மேல எக்ஸ்போர்ட் பிரேஸ், பார். இது எல்லாம் முடிஞ்சு அதே ஜாக்கி, அதே இடம், 5 மில்லிமீட்டர் இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட நகரலை, ஜாக்கி மேல நிக்கும்போதே கதவைத் திறந்து ஒரு விரலால சாத்தினேன். தம்பிக்கும் இதையேதான் சொன்னேன், பார்ட்ஸ் எல்லாம் சேர்த்து சில நூறு டாலர், வெல்டிங் தெரிஞ்ச ஆள் கூலி தனி. மிச்சமாகிற காசை அவன் வேற இடத்துல போடணும், ஆறு சிலிண்டர் வண்டியில நாலு போல்ட் வீல், 9 இன்ச் டிரம் பிரேக், சின்ன 7.25 இன்ச் பின் ஆக்சில், ஸ்டீயரிங் ராடு எல்லாமே வி8 வண்டியை விடச் சின்னது, அது அத்தனையும் மாத்தாம அந்த இன்ஜினை ஸ்டார்ட் கூட பண்ணக்கூடாது.

வர்ற சனிக்கிழமை அவன் கராஜுக்குப் போறேன். பக்கெட்டும் டார்ச்சும் மட்டும் எடுத்து வை, ஜாக்கி நான் கொண்டு வர்றேன், வெல்டிங் மெஷினுக்கு இப்போதைக்கு வேலை இல்லன்னு சொல்லியிருக்கேன்.